பெட்டி சாரின் கடைசிச் சீட்டு

பெட்டி சார் என்றால்தான் அவரைத் தெரியும். இயற்பெயரைச் சொல்லி விசாரித்தால் கீழ் வீட்டுக்காரரே, "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லையே" என்று கதவைச் சாத்திவிடுவார். இந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி. பஸ் டிப்போவில் தொலைந்த சாமான் அறையில் முப்பத்தொரு வருஷம் பெட்டியும் பையுமாகக் கிடந்தவர், அதனால்தான் என்பார்கள் டிப்போக்காரர்கள். ஆலய வாசலில் மாட்டியிருந்த கேள்விப் பெட்டிக்கு இருபத்திரண்டு வருஷம் பதில் சொன்னவர், அதனால்தான் என்பார்கள் சபையார். எது சரி என்று அவரையே கேட்டால், "ரெண்டும் சரிதான். ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தானே கூப்பிடுறாங்க" என்பார். மனுஷன் எதற்கும் இப்படித்தான் ஒரு பதில் வைத்திருப்பார்.

டிப்போவின் பின்பக்கம், ஒர்க்‌ஷாப்பை ஒட்டி இருந்தது அந்த அறை. கம்பி போட்ட ஒரே ஜன்னல், சுவரெல்லாம் தகர அலமாரி, தூக்கித் திறக்கும் பலகை வைத்த கவுன்டர், அதன் மேல் ஒரு கறுப்புத் தொலைபேசி. மழைக்காலம் முடிந்தால் குடை மட்டும் நூற்றைம்பது தேறும். டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, எக்ஸ்ரே கவர், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒரு தடவை ஒரு செட் பொய்ப்பல். அந்தப் பல்லைத் தேடி யாருமே வரவில்லை. "வந்து கேக்கணும்னா வாயைத் திறக்கணுமே, அதான் வரலை" என்று செக்கர் ஒருவர் அடித்த ஜோக் டிப்போவில் பத்து வருஷம் ஓடியது. டீசலும் காயாத துணியும் யாருடையதோ பழைய பவுடரும் கலந்த ஒரு வாசனை அந்த அறைக்கு உண்டு. ஓய்வு பெற்று வெகுநாள் ஆன பிறகும், நனைந்த குடையை மடக்கும்போதெல்லாம் அந்த வாசனை எங்கிருந்தோ வந்துவிடும். அப்போது பெட்டி சார் குடையை மறுபடி விரித்து வாசலில் காயப் போட்டுவிடுவார்.

வேலை பார்வைக்குச் சுலபம். பஸ்ஸில் கிடந்த சாமானில் கண்டக்டர் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டிக் கொண்டுவந்து போடுவார்: 'கறுப்புப் பை ஒன்று.' மறுநாள் தொலைத்தவர் மூச்சிரைக்க ஓடி வருவார். "நீலப் பை சார், ரெண்டு பிடி இருக்கும், உள்ளே என் சித்தி கொடுத்த சால்வை இருக்கு சார்." எடுத்துப் பார்த்தால் பை கருநீலம். பிடி ஒன்றுதான், மற்றது அறுந்து ஆறு மாசம் ஆகியிருக்கும். சால்வை சித்தி கொடுத்ததே இல்லை, பெரியம்மா கொடுத்தது என்று கூட வந்த மனைவி திருத்துவாள். ஆனால் பை என்னவோ அவருடையதுதான். இப்படி ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பேச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே சாமானைப் பற்றியதுதானா என்று முடிவு கட்டுவதே அவர் உத்தியோகம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே ஒரு சூடு பட்டார். ஒருவன் வந்து ஒரு தோல் பெட்டியை அச்சுப் பிசகாமல் வர்ணித்தான். கண்டக்டர் சீட்டில் இருந்த அதே வார்த்தை, அதே வரிசை. இவரும் தூக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றார், பாதி அடையாளத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு. முதலில் வந்தவன் கவுன்டரில் கிடந்த சீட்டைத் தலைகீழாகப் படித்து ஒப்பித்திருக்கிறான். அன்றிலிருந்து வரி தவறாமல் சொல்கிறவனைக் கண்டால் இன்னும் நாலு கேள்வி கேட்பார். "சொந்தக்காரன் தடுமாறுவான். திருடன்தான் ஒப்பிப்பான்" என்பது அவர் கண்டுபிடித்த வேதாந்தம்.

கேள்விப் பெட்டி கைக்கு வந்தது தற்செயல். அப்போதிருந்த போதகர், வேதத்தில் சந்தேகம் இருப்பவர்கள் எழுதிப் போடட்டும் என்று ஒரு மரப்பெட்டியை வாசலில் மாட்டினார். பாவம், நல்ல மனுஷர். சாவு வீட்டில் அவரைப்போல ஆறுதல் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் பெட்டியில் விழுந்த கேள்விகளைப் பார்த்ததும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நாலு சுவிசேஷத்தில் ஒன்றில் இப்படி இருக்கிறதே, இன்னொன்றில் அப்படி இருக்கிறதே என்று சீட்டுக்குச் சீட்டு ஒரு முரண்பாடு. ஒருநாள் ஆராதனை முடிந்து பெட்டி சாரைப் பிடித்துக்கொண்டார். "நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களே கொஞ்சம் பாருங்களேன்."

அவர் அப்படிப் படிக்க ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏன் ஆரம்பித்தார் என்பது பிறகு வரும்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சபையில் சிலருக்கு முகம் மலரும். சனிக்கிழமை காலையில் பெட்டியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்து நிமிஷம் பதில் சொல்வார். வீட்டில் அடுப்பை நினைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்கூட அன்றைக்கு மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றுகொண்டு கேட்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் அந்தப் பல் ஜோக் செக்கர். சபையைச் சேர்ந்தவர் இல்லை. கடவுள் நம்பிக்கையும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் பெட்டி சாரை மடக்க வேண்டும் என்பதற்காகவே சுவிசேஷங்களை வரிவரியாகப் படித்து, பழைய டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் கேள்வி எழுதிப் போடுவார். அவருக்கு எதிர்க்கட்சி என்றே பெயர் விழுந்துவிட்டது.

"பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்ச ராத்திரி சேவல் ஒரு தடவை கூவிச்சா, ரெண்டு தடவை கூவிச்சா? மாற்கு மட்டும் ரெண்டுங்கறாரே?" என்று அவர் ஒரு தடவை எழுதிப் போட்டிருந்தார்.

பெட்டி சார் சீட்டைப் படித்துவிட்டுக் கதவோரம் பார்த்தார். "நம்ம டிப்போவுல முதல் பஸ் எத்தனை மணிக்குங்க?"

"அஞ்சரைக்கு."

"நாலரைக்கு ஒண்ணு கிளம்புதே?"

"அது ஸ்டாஃப் வண்டி சார். அதை யாரு சேர்த்தா?"

"மாற்கு ஸ்டாஃப் வண்டியையும் சேர்த்துச் சொல்றார்."

ஆலயமே சிரித்தது. "இது பதிலா சார், டைம் டேபிளா?" என்று எதிர்க்கட்சியும் சிரித்தார். எரிகோவுக்குப் பக்கத்தில் குணமான குருடர் ஒருவரா இருவரா என்ற கேள்விக்கு, "கவுன்டருக்கு ரெண்டு பேர் சேர்ந்து வருவாங்க. சத்தம் போட்டவர் முகம்தான் எனக்கு ஞாபகம் இருக்கும். அதுக்காக மத்தவர் வரலைன்னு ஆகாது" என்றார்.

எல்லாவற்றுக்கும் அப்படிப் பதில் கிடைத்துவிடவில்லை. சீடர்களை ஊர் ஊராக அனுப்பும்போது கையில் கோல் எடுத்துப் போகலாம் என்கிறது ஒரு சுவிசேஷம். கோல்கூட வேண்டாம் என்கிறது இன்னொன்று. பெரிய பெரிய விளக்க நூல்களை எல்லாம் வாங்கிப் புரட்டினார். ஒன்றும் மனசுக்கு ஒப்பவில்லை. எழுந்து நின்று, "இது எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபைப் பெரியவர் ஒருவர் வெளியே வந்து பிடிபிடியென்று பிடித்தார். "சபை நடுவுல தெரியலைன்னா ஜனங்க விசுவாசம் என்னாகும்?"

"பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகினா பூட்டு கெட்டுப்போகும் ஐயா. சாவி கிடைக்கிற வரைக்கும் பெட்டி அப்படியே இருக்கட்டுமே" என்றார் பெட்டி சார். ஆனால் விழுந்த சீட்டு எதையும் அவர் படிக்காமல் விட்டதில்லை. தெரிந்தால் பதில், தெரியாவிட்டால் தெரியாது. அதுதான் அவர் வைத்திருந்த ஒழுங்கு.

எந்தப் பதிலும் முதலில் அரங்கேறுவது வீட்டில்தான். மாடி வீடு. பதினாறு படி. அவர் மனைவி தையல் கடைகளுக்குச் சட்டைக் காஜா எடுத்துக் கொடுப்பவள்; தெருவில் எல்லோருக்கும் காஜாக்கா. ஜன்னலோர வெளிச்சத்தில் மடியில் சட்டையை விரித்துக்கொண்டு, பொத்தான் துளையைச் சுற்றி ஊசியை ஓட்டியபடியே கேட்பாள். "நீளம்" என்பாள். இவர் பாதியை வெட்டுவார். "இன்னும் நீளம்" என்பாள். கடைசியில் மிஞ்சுவதைத்தான் சபை கேட்கும்.

சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்பார். நாலு சுவிசேஷத்துக்கு நடுவில் உட்கார்ந்தபடிதான். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டால் மறுபடி, "வந்துட்டேன்மா."

"வந்துட்டேன்னு சொன்னவர் இன்னும் நாற்காலியிலதான் இருக்கார். இதையும் ஒரு முரண்பாடுன்னு எழுதிப் பெட்டியில போடப்போறேன் பாருங்க" என்று ஒருநாள் காஜாக்கா எரிச்சலாகச் சொன்னாள். பெட்டி சாருக்குப் பொறி தட்டியது. அந்த மாதக் கேள்வி, இயேசு சபித்த அத்திமரம் உடனே பட்டுப்போனதா, மறுநாள் காலையில்தான் பட்டிருந்ததா என்பது. ஞாயிற்றுக்கிழமை சபையில் சொன்னார். "நாம நடக்கப்போறதை நடந்த மாதிரியே சொல்லிடுவோம். வந்துட்டேன்னு சொல்றவன் பொய் சொல்லலை. மனசு முதல்லயே வந்துடுச்சு, கால்தான் பின்னால வருது." பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தன் வீட்டுக் கதை சந்தி சிரித்ததில் காஜாக்காவுக்கு இரண்டு நாள் கோபம்.

இத்தனை முரண்பாட்டையும் சேர்த்து வைத்த மனுஷர் வீட்டில், சேராத ஒன்று இருந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

அவர்களுக்கு ஒரே மகள். ஒன்பது வயதில் போய்விட்டாள். பெட்டி கைக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, நாலு நாள் காய்ச்சலில். அந்தத் துக்கத்தில்தான் அவர் நாலு சுவிசேஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று மூச்சு இழுத்தது. வீட்டில் தொலைபேசி கிடையாது. "இதோ வந்துட்டேன்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த டிப்போவுக்கு ஓடினார். ஆம்புலன்சுக்குச் சொன்னார். திரும்பி ஓடி வந்தபோது, படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது கதவுதான். மழைச்சாரல் உள்ளே அடிக்க அடிக்க, அகலத் திறந்து கிடந்தது. எந்த வீட்டில் அப்படிக் கதவு திறந்து கிடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு படியாக மேலே ஏறினார்.

"நீங்க படி இறங்கினதுமே போயிட்டா" என்றாள் மனைவி.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மூன்று வருஷம் நடமாடினார். அவர் இறங்கினதுமே அவள் போய்விட்டாள் என்றால், அவர் ஓடியிருந்தாலும் ஒன்றுதான், பறந்திருந்தாலும் ஒன்றுதான். பிறகு ஒருநாள் மைத்துனர் வீட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "இருபது நிமிஷம் இருந்தா அண்ணி. அவங்கப்பாவைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா." பெட்டி சார் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது இதோ வந்துட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு சாட்சி, ஒரே வாய். எது உண்மை என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் பயம். காரணம், அந்த இருபது நிமிஷத்தில் அவர் மனைவியிடம் சொல்லாத ஒன்று இருந்தது.

அதனால்தான் ஒரு பகுதியை மட்டும் அவர் தொடவே மாட்டார். யவீரு என்ற தகப்பன் தன் மகளுக்காக இயேசுவிடம் ஓடி வரும் பகுதி; கடைசியில் இயேசு வீட்டுக்குப் போய், செத்த பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பிவிடுவார். என் மகள் சாகக் கிடக்கிறாள் என்று அவன் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். இப்போதுதான் செத்துப்போனாள் என்று சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். போகிற வழியில் வியாதிக்காரப் பெண் ஒருத்தி கூட்டத்தில் புகுந்து அவர்களை நிற்க வைத்துவிடுகிறாள். மத்தேயு சொல்வது போலப் பிள்ளை முன்பே போய்விட்டாள் என்றால், அவள் நிறுத்தியதால் கெட்டது ஒன்றுமில்லை. மாற்கு சொல்வது போல என்றால், அந்தப் பெண்ணோடு நின்ற நேரத்தில்தான் பிள்ளையின் உயிர் போயிருக்கிறது. முரண்பாட்டுப் பட்டியலில் முதல் பத்துக்குள் வருகிற கேள்வி இது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரும் இதைப் பெட்டியில் போடவில்லை. எல்லோரும் பெட்டி சார் மகளின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள். எதிர்க்கட்சிகூட மத்தேயுவில் இந்தக் கதை வரும் ஒன்பதாம் அதிகாரத்தை விட்டுவிட்டு, எட்டாம் அதிகாரத்திலிருந்து பத்தாம் அதிகாரத்துக்குத் தாண்டிக் குதித்துவிட்டார். எதிர்க்கட்சிக்கும் ஒரு நாகரிகம் உண்டு.

போன வருஷம் பெட்டி சாருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. போதகரும் மாறிவிட்டார். சந்தேகம் வந்தால் ஜனங்கள் கைபேசியில் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டியில் மாதத்துக்கு ஒரு சீட்டு விழுந்தால் பெரிது. "இந்த மாசத்தோட போதும்" என்று அவரே சொல்லிவிட்டார். கடைசி ஞாயிறுக்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துத் திறந்தபோது, உள்ளே ஒரே ஒரு சீட்டு கிடந்தது.

'யவீருவின் மகள், தகப்பன் கிளம்பி வந்தபோது உயிரோடு இருந்தாளா, இல்லையா? மத்தேயு ஒன்று சொல்கிறார், மாற்கு ஒன்று சொல்கிறார். எது உண்மை?'

எழுத்து குச்சி குச்சியாக, ஆள் தெரியக்கூடாது என்று எழுதினது போல இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருஷம் சாமானைப் பார்த்துச் சொந்தக்காரரைச் சொன்னவரிடமா? காகிதம் தையல்காரர்கள் அளவு வெட்டும் பழுப்புக் காகிதம். ஓரத்தில் வரிசையாகக் குண்டூசித் துளை. மூலையில் நீலச் சாக்பீஸ் பொடி. அவர் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார். காஜாக்கா குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் நூல் கோக்கமாட்டார்கள்.

சீட்டை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினதை எடுத்துவந்து, வழக்கம்போல ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மத்தேயு எப்போதும் கதையைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் உள்ளவர். நடுவில் ஆள் வந்து சாவுச் செய்தி சொன்னதை விட்டுவிட்டு, முடிவை முதலிலேயே வைத்துவிட்டார். மாற்கு நடந்த வரிசையில் சொல்கிறார். பிள்ளை ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். சரியான பதில்தான். எந்த விளக்க நூலிலும் இதைத்தான் பார்க்கலாம்.

காஜாக்கா நீளம் என்று சொல்லவில்லை. "இது சபைக்கு. கேட்டவளுக்கு என்ன பதில்?" என்றாள்.

பெட்டி சார் காகிதத்தை நாலாக மடித்தார். "கையெழுத்தை மாத்தினவ காகிதத்தை மாத்த மறந்துட்டியே."

"யாரு மறந்தா? நீங்க கண்டுபிடிக்கணும்னுதான் அதுல எழுதினேன். நேர்ல கேட்டா எழுந்து போயிடுவீங்க. பெட்டியில போட்டா பதில் சொல்லாம இருக்க மாட்டீங்களே."

மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சொன்னார். "நான் போன் பண்ணினதும் திரும்பலை. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சுன்னாங்க. சரின்னு நிமிர்ந்து பார்க்கிறேன், கவுன்டர்ல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. பையைத் தொலைச்சுட்டா. மறுநாள் எங்கேயோ வேலைக்குச் சேரணுமாம், சர்டிபிகேட் எல்லாம் அதுலயாம். அப்புறம் வான்னு சொல்லியிருக்கலாம். வாயில அது வரலை. என்னை அறியாமலே, பையோட உள்பக்கத் துணி என்ன கலர்னு கேட்டேன். அது ஒரு கலர் சொன்னது, பையில வேற கலர் இருந்தது. மறுபடி கேட்டேன். ரிஜிஸ்தர்ல எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். பத்து நிமிஷம்... பதினஞ்சே இருக்கும். நம்ம பிள்ளை இங்கே மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்குது, நான் அங்கே பைக்கு உள்துணி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

ஊசி பாதித் துணியில் நின்றது. இருபத்து நாலு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த பெண்ணுக்கு இது புதுச் செய்தி. முகத்தில் கோபம் வந்தது; வரத்தானே செய்யும். அது அடங்கும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்குப் பை கிடைச்சுதா?" என்றாள் கடைசியில்.

"கிடைச்சுது."

"சரி" என்றாள். அந்த ஒரு சரியைச் சொல்வதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பிறகு சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "நான் உங்ககிட்ட சொன்னது பொய். நீங்க இறங்கினதும் அவ போகலை. படியேறி வந்த உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அதைப் பார்த்துட்டு வேற என்ன சொல்றது? அண்ணிகிட்ட சொன்னது நிஜம். நீங்க கேட்டுட்டீங்கன்னும் எனக்குத் தெரியும், அன்னைக்கு சாப்பாட்டுலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுவும் முழுசு இல்லைங்க. முழுசை நான் யார்கிட்டயும் சொல்லலை."

பெட்டி சார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பா எங்கம்மா, அப்பா எங்கம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நானும் வருவாங்க, வருவாங்கன்னேன். அவளுக்கு அது போதலை. கடைசியில, அப்பா வந்துட்டாங்கன்னு சொன்னேன். நீங்க நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு சொல்வீங்களே, அந்த மாதிரிதான். வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தத்துலதான் சொன்னேன். அவ அதை அப்படியே எடுத்துக்கிட்டா. 'அப்பான்னா கதவைத் திறங்கம்மா, மழையில நிப்பாங்க'ன்னா. நான் எழுந்து போய்த் திறந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கா. முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மூச்சு இல்லை."

"கதவை அவதான்..." என்றார் பெட்டி சார்.

"அவதான் திறக்கச் சொன்னா."

இருபத்து நாலு வருஷமாக அந்தத் திறந்த கதவு அவரைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது. நீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அது சொல்கிறது என்று நினைத்திருந்தார். அவருக்காகத்தான் அதைத் திறந்து வைத்தார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். காஜாக்கா எழுந்து வந்து, நூல் ஒட்டிய கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"நீங்க லேட்டாத்தான் வந்தீங்க. நான் இல்லைங்கலை. ஆனா அவளைப் பொறுத்தவரைக்கும் நீங்க வந்துட்டீங்க. இந்த ரெண்டையும் எப்படிச் சேர்க்கிறதுன்னு எனக்குத் தெரியலை. அதான் பெட்டியில போட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். கடைசிப் பெட்டி என்று செய்தி பரவியிருந்தது. எதிர்க்கட்சி தலை நரைத்து, கைத்தடியோடு, அதே கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. பெட்டி சார் சீட்டைப் படித்தார். மத்தேயு சுருக்கிச் சொல்வதையும் மாற்கு விரித்துச் சொல்வதையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது படிச்சுச் சொன்ன பதில். இனிமே சொல்றது அனுபவம். பிள்ளை சாகக் கிடக்கும்போது ஓடுற தகப்பன் வாயில என்ன வரும்னு அளந்து பார்க்க முடியாது. போயிட்டாளேன்னும் கதறுவான், பொழைச்சுக்குவாள்னும் சொல்வான், ஒரே மூச்சுல. இத்தனை நாளா இந்த இடத்துல எது உண்மைன்னு கேக்கப் பயந்துக்கிட்டு இருந்தேன். கேக்க வேண்டியது அது இல்லைன்னு இந்த வாரம்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேர் எழுதினதுலயும், வழியில எவ்வளவு நேரம் நின்னாலும், இயேசு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார். பிள்ளை கையைப் பிடிச்சுட்டார். அதுல ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் வழக்கம்போலக் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கட்சி குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் துடைத்தார்.

பெட்டியை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று போதகர் அவரிடமே கொடுத்துவிட்டார். வெயிலில் மெதுவாக நடந்து வந்தார்கள். காஜாக்கா முன்னால் போய்ப் படியேறிவிட்டாள். பெட்டி சார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு படி கொஞ்சம் பயம்.

"என்னங்க, வந்துட்டீங்களா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அப்போது அவர் நாலாவது படியில் நின்றார். இன்னும் பன்னிரண்டு பாக்கி. அண்ணாந்து பார்த்தார். கதவு அகலத் திறந்திருந்தது.

"வந்துட்டேன்மா" என்றார்.